மூன்று கார்டில் ஒரு ஆப்பரா

பங்க் ராக்கின் இலக்கணம் எளிது. கிடாரில் மூன்று கார்டுகள் தெரிந்தால் போதும். பாட்டு இரண்டரை நிமிஷத்தில் முடிய வேண்டும். கோபமாகப் பாட வேண்டும். சுருதி கொஞ்சம் பிசகினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இதோடு முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டும் சேர்ந்தால் பாப் பங்க்.

கலிஃபோர்னியாவின் 'க்ரீன் டே' 1994-ல் 'டூக்கி' என்ற ஆல்பம் போட்டு, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றார்கள். ஆனால், அவர்களை வளர்த்துவிட்ட பெர்க்லி நகரின் கில்மன் தெரு கிளப், பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குற்றத்துக்காக மேடை தர மறுத்துவிட்டது. விலைக்கு வந்துவிட்ட கோபம் கோபமா, சரக்கா? நல்ல கேள்விதான்.

அப்புறம் மவுசு குறைந்தது. 2000-ல் வந்த 'வார்னிங்' சுமாராகத்தான் போனது. அடுத்த ஆல்பம் ஏறக்குறைய முடிந்த நிலையில், 2003-ல் மாஸ்டர் டேப்புகள் திருட்டுப் போயின. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஞாபகத்திலிருந்து மறுபடி வாசித்துப் பதிவு செய்வீர்கள். தயாரிப்பாளர் ராப் கவால்லோ ஒன்று கேட்டார்: தொலைந்தது உங்களால் முடிந்ததில் சிறந்ததுதானா? யோசித்துப் பார்த்து, இல்லை என்றார்கள். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்தத் திருடனுக்கு ராக் சரித்திரம் கடன்பட்டிருக்கிறது.

2004 செப்டம்பரில் 'அமெரிக்கன் இடியட்' வந்தது. இராக் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நவம்பரில் புஷ் மறுபடி ஜெயிக்க இருந்தார். ஆல்பம் பில்போர்டில் நேராக முதலிடம். 13 பாட்டுக்கும் சேர்த்து ஒரே கதை. புறநகர் வாழ்க்கை வெறுத்துப்போய் நகரத்துக்கு ஓடும் பையன், அவனைக் கெடுக்கும் செயின்ட் ஜிம்மி, கடைசியில் பெயர்கூட மறந்துபோகும் ஒரு பெண். இதில் 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' ஐந்து பகுதிகள், ஒன்பது நிமிஷம். இரண்டரை நிமிஷ ஆசாமிகளுக்கு இது மகாகாவியம். சங்கீதம் ஒன்றும் சிக்கலாகிவிடவில்லை. துண்டுகளைக் கோத்த விதத்தில்தான் சாமர்த்தியம். மெதுவான இடம் வந்து அலுக்க ஆரம்பிக்குமுன் ட்ரே கூலின் டிரம்ஸ் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

குறை உண்டு. கதை பாதிதான் புரிகிறது. ஜிம்மி நிஜ ஆளா, பையனின் இன்னொரு முகமா என்பதில் கடைசிவரை பூடகம். அரசியல் ஆல்பம் என்பதும் முழு உண்மையில்லை. நேரடி அரசியல் தலைப்புப் பாட்டிலும் 'ஹாலிடே'யிலும்தான். மற்றதெல்லாம் தனிமை.

ஆல்பத்தின் உயிரும் அங்கேதான். 'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்' பாட்டை பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், தன் பத்து வயதில் கேன்சருக்குப் பறிகொடுத்த அப்பாவை நினைத்து எழுதினார். வீடியோ அதையே இராக் போகும் ஒரு சிப்பாயின் காதல் கதையாக்கியது. பாட்டு இரண்டையும் தாங்குகிறது.

புஷ் 2009-ல் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மேலிருந்த கோபம் இன்று சரித்திரப் பாடம். கில்மன் தெருவின் கேள்விக்கு என் பதில்: கோபம் சரக்காகியிருக்கலாம், அந்தப் பத்து வயதுப் பையனின் துக்கம் ஆகவில்லை.

கேட்பதென்றால் ஒன்பது நிமிஷப் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். சத்தமாகக் கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்போன் உத்தமம்.