சினிசிசம்: சொல்லும் மனப்பாங்கும்

ஒரு படைப்பாளியைச் 'சினிக்' என்று சுட்டுவது திறனாய்வில் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே அமைகிறது. எவரிடத்தும் நன்மையைக் காண மறுப்பவர், எல்லாச் செயலுக்கும் தன்னலமே காரணம் எனக் கொள்பவர் என்பதே அச்சொல்லின் இன்றைய பொருள். 'நம்பிக்கையின்மை' எனத் தமிழில் பெயர்க்கும்போதும் இப்பொருளே எஞ்சுகிறது. ஆயின் அச்சொல் தொடக்கத்தில் குறித்த மனப்பாங்கு இதற்கு ஏறத்தாழ நேர்மாறானதாகும்.

'கியூன்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நாய் என்பது பொருள். அந்திஸ்தெனிஸ் கற்பித்ததாகக் கூறப்படும் கினோசார்கெஸ் என்னும் கூடத்தின் பெயரிலிருந்து 'சினிக்' பிறந்தது என்பாரும் உளர். எனினும், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த சினோப் நகரத்து டயோஜெனிஸ், தம்மீது வசையாக எறியப்பட்ட 'நாய்' என்னும் பெயரைத் தாமே விரும்பி ஏற்றார் என்னும் மரபு இக்கூட்டத்தாரின் இயல்போடு நன்கு பொருந்துகிறது. அவரைப் பற்றிய செய்திகளுள் மிகப்பல கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சார்ந்த டயோஜெனிஸ் லேயர்டியஸின் தொகுப்பால் அறியப்படுபவை. அவற்றை வரலாறாகக் கொள்வதினும் மனப்பாங்கின் சான்றாகக் கொள்வதே தகும்.

அவற்றுள் நாணயத்தைச் சிதைத்ததால் நாடு கடத்தப்பட்டார் என்பது தனியே நோக்கத்தக்கது. கிரேக்கத்தில் நாணயத்தைக் குறிக்கும் 'நோமிஸ்மா'வும் வழக்கத்தைக் குறிக்கும் 'நோமோஸ்' என்பதும் ஒரே வேரின. நாணயத்தைச் சிதைத்தவர் பின்னர் வழக்கங்களைச் சிதைத்தார் என்பது அக்கதையின் உட்பொருள். காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடிய கதையோ இன்று தவறாகவே படிக்கப்படுகிறது. மனிதனே இல்லை என்று உறுதி கொண்டவர் விளக்கை ஏற்றியிருக்கவே மாட்டார்.

ஜெர்மானிய அறிஞர் பீட்டர் ஸ்லோட்டர்டைக் 1983இல் வெளியிட்ட நூலில், தம் மொழியிலுள்ள இருவகை எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தி இவ்விரண்டையும் பிரித்தார். பழைய சினிக் உடைமை துறந்து, அதிகாரத்தை நேர்நின்று எள்ளியவர். புதியவரோ பொய்யெனத் தெளிந்தும் அதற்கு இசைந்தே வாழ்பவர். அங்கத எழுத்தாளரை மதிப்பிட இப்பிரிவு பெரிதும் உதவும். எள்ளல் யாரை நோக்கியது, அதற்கு எழுதியவர் கொடுத்த விலை யாது என்னும் வினாக்களை எழுப்பாமல் 'சினிக்' என முத்திரையிடுவது திறனாய்வாகாது.

எனினும் இப்பிரிவைப் பழமை, புதுமை எனக் காலத்தோடு பிணைப்பது ஏற்புடையதன்று. பையும் கோலும் ஏந்தி, சினிக் வேடத்தில் ஆதாயம் தேடியவர்களைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே லூசியன் எள்ளி எழுதியுள்ளார்.