உடைந்த கண்ணாடிதான் வேணும், நானா!

கொழும்பிலேயே நல்ல ரோபோக் கடை எது என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது பஞ்சிகாவத்தையை. ஒரு கடையை அல்ல, முழுப் பஞ்சிகாவத்தையையும்! மருதானை ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கழற்றிய எஞ்சின்கள், கதவுகள், டேஷ்போட்கள் எல்லாம் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கும். என்னிடம் வாகனமே இல்லை. ஆனாலும் வெள்ளவத்தையில் ரயிலேறி அங்கே போகிற நாள்தான் எனக்குப் பெருநாள்.

நான் தேடுவது உடைந்த சைட் மிரர். "தம்பி, இதில கண்ணாடியும் இல்ல, மூடியும் வெடிச்சிருக்கு. என்னத்துக்கு?" என்பார் கடைக்கார நானா. "அதுதான் நானா வேணும்" என்பேன். ஜப்பான் ரீகண்டிஷன் கார்களின் மிரரைப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடியை மேலும் கீழும் சரிக்க ஒரு மோட்டர், இடமும் வலமும் திருப்ப இன்னொன்று. மடங்குகிற ரகமென்றால் மூன்றாவதும் கிடைக்கும்! அதைவிடச் சந்தோஷம், இவை அநேகமாக வேலையே செய்யாமல் வயதானவை. ஒரு மிரரை ஆயுளில் எத்தனை தரம்தான் சரிசெய்வார்கள்? பழைய கசெட் பிளேயர் மோட்டரையும் எடுக்கலாம். ஆனால் வேகத்தைச் சீராக வைக்கிற சின்னச் சர்க்கிட் பலவற்றில் உள்ளேயே இருக்கும். நம் இஷ்டத்துக்கு ஆடாது.

சக்கரம்கூட வேண்டாம்! மோட்டர் தண்டில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தைக் குறட்டால் மெல்ல இழுத்துக் கழற்றிவிட்டு, சைக்கிள் வால்வு ரப்பரில் ஒரு துண்டை மாட்டுகிறேன். தண்டின் நுனி தரையைத் தொடும்படி இரண்டு மோட்டர்களையும் சரித்து ஒட்டினால் தண்டே சக்கரம். சுழற்சி வேகம் அதிகம், தண்டோ மெல்லியது. அதனால் பல்சக்கரம் இல்லாமலே ரோபோ அளவான வேகத்தில் நகரும். மூன்றாவது கால், வளைத்த பேப்பர் கிளிப்.

ஒட்டுவதற்குச் சுப்பர் குளூ. அதன்மேல் ஒரு சிட்டிகை அப்பச்சோடா தூவிப் பாருங்கள், கண்ணெதிரே கல்லாகிறது! மூட்டில் இடைவெளி இருந்தாலும் நிரம்பிவிடும். பிறகு அரத்தால் ராவலாம். சூடும் புகையும் கிளம்பும், ஆகவே ஜன்னலோரம் இருந்து செய்யுங்கள். தண்டு வெளிவரும் துளைக்கருகே ஒரு துளி விழுந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த மோட்டர் அதோடு சரி. அந்த இடத்துக்கு ஹொட் குளூதான். கோணம் பிடிக்காவிட்டால் பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டலாம்.

மூளைக்குக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய இரண்டு டிப் 122 டிரான்சிஸ்டர், கண்களுக்கு வெளிச்சம் உணரும் இரண்டு எல்.டி.ஆர். ஆறு பென்டோர்ச் பற்றரி. வலது கண் இடது மோட்டரை ஓட்டும், இடது கண் வலது மோட்டரை ஓட்டும். வலப்பக்கம் வெளிச்சம் கூடினால் இடது மோட்டர் முந்தும், உடம்பு வலப்பக்கம் திரும்பும். ஒரு வரி புரோகிராம் கிடையாது! ஆனால் அறையை இருட்டாக்கி டோர்ச் அடியுங்கள். மோப்பம் பிடித்த மூஞ்சூறு மாதிரி வளைந்து வளைந்து வரும். கண்களின் வயர்களைப் பக்கம் மாற்றினால், அதே சாமான் வெளிச்சத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் போய் நின்றுவிடும். முதல்தரம் அதைப் பார்த்தபோது நான் கூவிய கூவலில் பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப்பார்த்தார்.

இது புது யோசனையல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மூளை ஆய்வாளர் கிரே வோல்டர் 1948-49இல் செய்த எல்மர், எல்சி என்ற ஆமை ரோபோக்களுக்கு மூளையாக இருந்தவை இரண்டே ரேடியோ வால்வுகள். மிச்சமெல்லாம் போரில் மிஞ்சிய சாமான்களும் பழைய அலாரக் கடிகாரப் பாகங்களும். அவருக்கும் ஒரு பஞ்சிகாவத்தை இருந்திருக்கிறது! கனடாவில் மார்க் டில்டன், 1989 அளவில், மைக்ரோபுரோசெசரே இல்லாமல் பழைய வோக்மன் பாகங்களைக் கொண்டு பூச்சி ரோபோக்கள் செய்யத் தொடங்கினார். பின்னால் 2004இல் வந்த ரொபோசேப்பியன் பொம்மையை வடிவமைத்ததும் அவர்தான்.

பெட்டியில் வரும் கிட்டுகளை நான் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன். அதே மஞ்சள் மோட்டர், அதே பிளாஸ்டிக் தட்டு, எல்லார் வீட்டிலும் ஒரே முகம். என்னுடையவற்றில் எந்த இரண்டும் ஒன்றுபோல் நடக்காது. ஒன்று எப்போதும் சற்று இடப்பக்கம் இழுக்கும், அதுதான் என் செல்லம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டூத்பிரஷ் தலையில் பழைய போனின் வைப்ரேஷன் மோட்டரையும் ஒரு பொத்தான் பற்றரியையும் ஒட்டி ஓட்டிக் காட்டுங்கள், மேசையெல்லாம் ஓடும். அந்தப் பற்றரி மட்டும் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது.

இப்போது என் கண் ஒரு வைப்பர் மோட்டரில். உள்ளே வேம் கியர் இருப்பதால் மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுவை பயங்கரம். இரண்டு கிடைத்தால் அரிசி மூட்டையையே நகர்த்துகிற ரோபோ செய்யலாம். நானா ஒன்றை எடுத்துவைத்திருக்கிறார், மற்றதைத் தேடுகிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.