அச்சத்தின் அளவுகோல்

அகதி யார் என வரையறுக்கும் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை, நன்கு ஆதாரப்பட்ட அச்சம் உடையவனைப் பற்றிப் பேசுகின்றது. அச்சம் அகத்தே நிகழ்வது. ஆதாரமோ புறத்தே தேடப்படுவது. இலங்கைத் தமிழர் சம்பந்தப்பட்ட பிரித்தானியத் தீர்ப்புகள் சில இவ்விரண்டிற்கும் இடையிலேயே தடுமாறியுள்ளன.

1987இல் சிவகுமாரன் வழக்கை விசாரித்த மேன்முறையீட்டு நீதிமன்றம் அஞ்சியவனின் நிலையில் நின்று நோக்கியது. வங்கிக் காசாளனை முகமூடியணிந்தவன் கைத்துப்பாக்கி காட்டி மிரட்டுகின்றான். அது விளையாட்டுத் துப்பாக்கி எனப் பின்னர் தெரியவந்தாலும் அவன் அஞ்சியது நியாயமே என்பது சேர் ஜோன் டொனால்ட்சன் காட்டிய உவமை. அவ்வாண்டு டிசம்பரிற் பிரபுக்கள் சபை இதனை மறுத்தது. துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான வாய்ப்பு உண்மையில் உண்டா என்பதே வினா என்றும், விண்ணப்பதாரி அறியாத தகவல்களையும் உள்நாட்டு அமைச்சர் கருத்திற் கொள்ளலாம் என்றும் தீர்த்தது. தருக்கம் செம்மையானதே. ஆயினும் அத்தகவல் யாருடையது என்ற வினா அங்கு போதியளவு எழவில்லை. 1988 பெப்ரவரியில் திருப்பியனுப்பப்பட்டோரின் முறையீடுகள் 1989இல் ஏற்கப்பட, அவர்கள் மீண்டும் பிரித்தானியா சென்றனர். (1991இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பிரித்தானியாவின் மீது குற்றங் காணவில்லை என்பது வேறு.)

தகவல் என்பது நோக்குபவனைப் பொறுத்தது. 2007 ஜூன் 7இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றிக் கொழும்பினின்று அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இலண்டனிலிருந்து நோக்கும் அதிகாரிக்கு அத்தடையுத்தரவு பாதுகாப்பின் சான்றாகலாம். விடுதியில் இருந்தவனுக்கோ முதல் நாள் வந்து நின்ற பேருந்தே சான்று.

இப்பின்னணியிலேயே 2019 மார்ச் 6இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கருதத்தக்கது. கே.வி. எனக் குறிக்கப்பட்ட தமிழர் ஒருவரின் கையிலும் முதுகிலும் சூட்டுத் தழும்புகள் இருந்தன. கையிலிருந்தவற்றின் விளிம்புகள் மங்கியிருக்க, முதுகிலிருந்தவை தெளிவாயிருந்தன. வலியால் மயங்கிய பின்னரே முதுகிற் சுடப்பட்டதாக அவர் கூறினார். தீர்ப்பாயமோ, தஞ்சம் பெறும் பொருட்டு அவரே பிறரைக் கொண்டு சூடிடுவித்திருக்கலாம் எனக் கருதிற்று. அத்தகைய செயல் மிக அரிது என்பதற்குத் தக்க கனம் அளிக்கப்படல் வேண்டும் என்றும், காயம் நேர்ந்த விதம் பற்றியும் மருத்துவர் கருத்துரைக்கலாம் என்றும் நீதியரசர் வில்சன் பிரபு எழுதினார்; ஏனைய நீதியரசர் அனைவரும் உடன்பட்டனர்.

வரவேற்கத்தக்க தீர்ப்பு இது. எனினும், 2011இல் தஞ்சம் கோரியவருக்கு 2019இற் கிடைத்தது தஞ்சமன்று; மறுவிசாரணையே. தழும்பைப் படிக்கும் முறை திருத்தப்பட்டதேயன்றி, தழும்பு பதியாத வகையில் வதைக்கப்பட்டவனின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை அவ்வழக்குத் தீர்க்க நேரவில்லை.