இன்ஜினுக்கும் வேண்டும் ஒரு பழங்கற்படி

பரணில் கிடந்த ஒரு பழைய நீராவிப் பொம்மையை ஓடவைத்த கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதப்போனால், பெரம்பூரில் ஓடவைத்த ஒரு நிஜ ரயில் இன்ஜினைப் பற்றிய விமர்சனமாக அது மாறி, கடைசியில் எங்கள் வட்டத்திலேயே இருக்கும் திருக்கோடிக்காவலில் போய் நின்றது. மூன்றுக்கும் கேள்வி ஒன்றுதான். பாகம் தொலைந்துபோன ஒரு பழைய பொருளைச் சரிசெய்கிறோம். நாம் புதிதாகச் சேர்த்தது எது என்பதை எப்படிச் சொல்லிவைப்பது?

முதலில் பொம்மை. மாமோட் கம்பெனியுடையது. 1937-இல் ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைக் கொதிகலன், கீழே ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் ஒரே ஒரு சிலிண்டர், ஒரு சுழல்சக்கரம், அவ்வளவுதான். தாத்தாவுக்கு யாரோ மலேசியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது என்று வீட்டில் பேச்சு. என் கைக்கு வந்தபோது மூணு சாமான் இல்லை: சேஃப்டி வால்வு, விளக்கு, தண்டில் மாட்டும் புல்லி.

இதன் அழகே எளிமைதான். பெரிய இன்ஜினில் நீராவியை உள்ளே விட, வெளியே விட என்று தனி வால்வு அமைப்பு உண்டு. இதில் கிடையாது. சிலிண்டரே ஊசல் மாதிரி ஆடும். ஒரு பக்கம் சாயும்போது அதன் துளை, நீராவி வரும் துளைக்கு நேராக வரும். மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளைக்கு நேராகப் போகும். சிலிண்டரைத் தகட்டோடு அழுத்திப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். தளர்ந்தால் நீராவி கசியும், இறுகினால் உராய்வு கூடி நின்றுவிடும். உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிடக் குறைவு. அதற்காக விளையாட்டு என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் நீராவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 1600 மடங்கு இடம் கேட்கும். அதனால் சேஃப்டி வால்வை மட்டும் உள்ளூரில் செய்து பார்க்கவில்லை. இந்த மாடல்களுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது, விலைக்கு வாங்கிவிட்டேன். தகர விளக்கை நானே வெட்டி, பற்றவைத்தேன்.

அதற்கெல்லாம் முன்னால், முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். சாமான் அழுக்காக இருக்கிறதே என்று பித்தளை பாலிஷ் போட்டு, கொதிகலன், அதன் கீழே இருந்த தகரப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தேய்த்தேன். கொதிகலன் தங்கம் மாதிரி ஆனது. பிறகுதான் துணியைப் பார்த்தேன். கறுப்போடு சேர்ந்து வண்ணத் துணுக்குகள். தகரப் பெட்டியில் பாதி உரிந்த நிலையில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர்! அந்த ஸ்டிக்கரின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எந்த வருடத்துப் பொம்மை என்று கணிக்க உதவும் ஆதாரம் அது. தேய்ப்பதற்கு முன் எடுத்த ஒரு மங்கலான போட்டோவில் நான்கு எழுத்து தெரிகிறது. மிச்சம் அதுதான். பாகம் தொலைத்தவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தவன், நானும் ஒன்றைத் தொலைத்துவிட்டேன்.

இந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் பெரம்பூர் இன்ஜினைப் பற்றி யோசித்தேன்.

ஈஐஆர் 21, 'எக்ஸ்பிரஸ்'. 1855-இல் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்டு ஹெவிட்சன் கம்பெனி செய்தது. கிழக்கிந்திய ரயில்வேயில் ஓடி 1909-இல் ஓய்வு பெற்றது. அதன்பின் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் 101 வருடம் காட்சிப்பொருளாக நின்றது. துருப்பிடித்து, பல பாகங்கள் இல்லாமல் கிடந்த அதைப் பெரம்பூர் லோகோ பணிமனை எடுத்துச் சரிசெய்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று ஓடவைத்தது. இதன் ஜோடி இன்ஜினான ஈஐஆர் 22, அதாவது 'ஃபேரி குவீன்', 1997-இல் மறுபடி ஓடத் தொடங்கி, மறுவருடமே உலகின் மிகப் பழைய இயங்கும் நீராவி இன்ஜின் என்று கின்னஸில் இடம்பிடித்தது.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். கடையில் உதிரிபாகம் கிடைக்காத ஒரு பொருளுக்கு, நீராவிக் காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆனபிறகு, அளவெடுத்து, வார்த்து, கடைந்து, பொருத்தி ஓடவைத்தார்கள். ஒரு புல்லிக்கே நான் மூன்று வாரம் அலைந்தவன். அந்தத் தொழிலாளர்களின் கைத்திறனில் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது.

என் குறை வேறு. அந்த இன்ஜினைப் பற்றிப் பொதுவெளியில் பேசும்போதெல்லாம் 1855 என்ற எண்தான் முன்னால் நிற்கிறது. சுதந்திர தினத்தன்று புகைவிட்டுக்கொண்டு வரும்போது, 'ஒன்றரை நூற்றாண்டு தாண்டிய இன்ஜின்' என்கிறோம். பாதி உண்மை. கண்முன் ஓடுவது 1855-உம் 2010-உம் சேர்ந்த ஒரு பொருள். மனிதர்களை ஏற்றிக்கொண்டு இன்றைய தண்டவாளத்தில் ஓட, இன்றைய பாதுகாப்பு விதிப்படி பாகங்கள் வேண்டும். அதில் தப்பே இல்லை. ஆனால் எது லீட்ஸ், எது பெரம்பூர் என்று வேடிக்கை பார்க்கும் பையனுக்குத் தெரிய வேண்டாமா? இதில் நஷ்டம் வரலாற்றுக்கு மட்டும் இல்லை. எல்லாமே 1855 என்றால், 2010-இல் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றவரின் வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பெரம்பூர் செய்த சாதனையை மறைப்பது, பெரம்பூரை விட்டுவிட்டு 1855-ஐ மட்டும் சொல்லும் நம் பழக்கம்தான்.

இதோடு பொன்மலையை ஒப்பிட்டுப் பாருங்கள். நீலகிரி மலை ரயிலுக்கு சுவிட்சர்லாந்தில் செய்த பழைய எக்ஸ் வகை இன்ஜின்கள் உண்டு. அவை தேய்ந்துபோனதால், 2010-களில் திருச்சி பொன்மலை பணிமனை அதே வகையில் புது இன்ஜின்களையே கட்டியது. அவற்றுக்குப் புது எண், புது வருடம். பார்வைக்குப் பழைய ஜாடைதான், ஆனாலும் தன் வயதை அது மறைக்கவில்லை. அது நேர்மை.

'அதெல்லாம் சரி சார், போல்ட்டுக்கு போல்ட்டு யார் எழுதி வைக்க முடியும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதே வேலையை ஆயிரம் வருடத்துக்கு முன்னால், என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஒரு அம்மா செய்து காட்டியிருக்கிறார்.

கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி, பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளியாகத் திருப்பிக் கட்டியவர். அப்படித் திருக்கோடிக்காவல் கோயிலைக் கட்டும்போது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளை என்ன செய்வது என்ற பிரச்சினை வந்தது. பல்லவர், பாண்டியர் காலத்துத் தானங்களின் கணக்கு அதில் இருந்தது. தூக்கிப் போடவில்லை. இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். வெட்டியதோடு, அது 'பழங்கற்படி' என்பதையும் சேர்த்தே வெட்டினார்கள். அதாவது, பழைய கல்லைப் பார்த்து எடுத்த நகல்.

அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மன்னர் பெயர் ஒன்பதாம் நூற்றாண்டு, எழுத்தின் வடிவம் பத்தாம் நூற்றாண்டு. படிக்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஒன்று, போலி என்பார். இல்லை, எழுத்து வளர்ந்த காலக்கணக்கையே மாற்றி எழுதுவார். ஒரு வார்த்தை எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டது. என் தொழிலில், கோடில் ஒரு வரி மாற்றினாலும் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று குறிப்பு எழுதாமல் விடமாட்டார்கள். அதை நவீனப் பழக்கம் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

சரி, என் புல்லிக்கு வருவோம். பித்தளை வேலை என்றால் எங்களுக்கு நாச்சியார்கோயில்தான், குத்துவிளக்கு ஊர். ஒரு பட்டறையில் பொம்மையைக் காட்டினேன். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பழசு மாதிரியே கறுப்பேத்தித் தரவா தம்பி? யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"வேணாம்ண்ணே, தெரியணும். அதுல வருஷத்தையும் ஊர் பேரையும் வெட்டிக் குடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "கோயில் விளக்குல உபயம்னு வெட்டுற மாதிரியா?"

ஆமாம், அதே மாதிரிதான். விளக்குக்கு உபயதாரர் பெயர் வெட்டுவது நமக்கு இயல்பாக வருகிறது. பழுதுபார்த்தவர் பெயரை வெட்டத்தான் கை வருவதில்லை. பெரம்பூரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: 1855 என்று எழுதும் பலகையிலேயே 2010 என்றும் எழுதி, புதிதாகச் செய்த பாகங்களின் பட்டியலை இன்ஜின் நிற்கும் இடத்தில் வைக்கலாம். புதிய பாகங்களில் ஒரு சின்ன முத்திரை குத்தலாம். ஒரு நாள் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை பொம்மை ஓடியது. தண்ணீர் கொதிக்கச் சில நிமிடம், பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு தட்டு தட்டினால் டக்டக்கென்று கிளம்பிவிட்டது. தாத்தா காலத்துச் சத்தம் இதுதானா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

ஆறியதும் திருப்பிப்போட்டு, அடித்தகட்டில் ஒரு காகிதம் ஒட்டினேன். சேஃப்டி வால்வு: விலைக்கு வாங்கியது. விளக்கு: வீட்டில் செய்தது. புல்லி: நாச்சியார்கோயில். ஸ்டிக்கர்: தேய்த்து அழித்தது நான்.