லால்பாக் போங்க, மரம் பாருங்க!

ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு சொர்க்கம் இருக்கிறது. நாமோ பெங்களூரு என்றால் ஆஸ்பத்திரி, மால், ஏர்போர்ட் என்று போய்வந்துவிடுகிறோம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த லால்பாக்கைத்தான் சொல்கிறேன். இன்று 240 ஏக்கர்! ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். அது ஓய்ந்தபின் ஒரு சாதாரண நாளில், விடிந்ததும் போங்கள். மரங்களைப் பார்ப்பதற்கென்றே போங்கள்.

முதலில் அந்தக் கிழ இலவமரம். வயது இருநூறைத் தாண்டும் என்கிறார்கள். பலகை வேர்கள் யானைத்தோல் போல மடிப்பு மடிப்பாக மண்ணில் இறங்குகின்றன. அந்த மடிப்புகளில் கண்ணை ஓடவிட்டால் நேரம் போவதே தெரியாது. சற்றுத் தள்ளி நின்றால் அடி முதல் நுனி வரை முழு மரமும் பார்வைக்குள் வந்துவிடும். லால்பாக்கின் அருமையே இதுதான்: மரத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள், பார்ப்பவருக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். மரங்களில் பெயர்ப்பலகை வேறு, தாவரவியல் பெயரோடு! பெயர் தெரிந்துவிட்டால் அப்புறம் அந்த மரத்தைச் சும்மா கடந்துபோக மனம் வருவதில்லை.

1908-இல் தோட்டப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கும்படி பெங்களூருச் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தார். எப்பேர்ப்பட்ட ரசிகர்!

நம் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையின் கல்மரம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. தவறவிடாதீர்கள்.

நம்மூர்ப் பூங்காக்களில் மரத்தின் கழுத்து வரை சிமென்ட் கல் பதிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தூரைச் சுற்றி மண்ணை விடுங்கள். வேம்புக்கும் புங்கனுக்கும் தூங்குமூஞ்சிக்கும் பெயர்ப்பலகை வையுங்கள். எதிரே ஒரு பெஞ்சு போடுங்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் பத்து நிமிடம் அண்ணாந்து பார்க்கட்டும். ஓசூர் மாநகராட்சிக்கு இது பெரிய செலவே இல்லை.

அதுவரை லால்பாக் இருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து வழியும் சுலபம்: பஸ்ஸில் பொம்மசந்திரா, அங்கிருந்து மஞ்சள் தட மெட்ரோ, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் லால்பாக் ஸ்டேஷன். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.