கேட்க ஆளில்லாத கிட்டார்ப் பாடம்

கிட்டார் கற்கும் ஷிஃப்ட் வேலைக்காரருக்கு வாத்தியார் எதற்கு, யூடியூப் போதுமே என்ற பேச்சு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து இரவு என்று சுழல்கிறவர் செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணி வகுப்பில் சேர்ந்து என்ன செய்வார்? வீடியோ இரவு இரண்டு மணிக்கும் பாடம் நடத்தும். காசு கேட்காது. வேகத்தைக் கால் பங்காகக் குறைத்து, எந்த விரல் எந்தக் கம்பியில் விழுகிறது என்று அலுக்கும்வரை பார்க்கலாம். கிட்டார் ஆசிரியர் ஜஸ்டின் சாண்டர்கோ இணையத்தில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் பாடங்கள், கட்டணம் வாங்கும் பல வகுப்புகளைவிட ஒழுங்கானவை.

ஆனால் கற்பவர் வாசிப்பதை வீடியோ ஒருநாளும் கேட்பதில்லை. இந்த ஒரு குறை மற்ற வசதிகள் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது.

எஃப் கார்டையே எடுத்துக்கொள்வோம். சுட்டுவிரல் முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் படுத்தவாக்கில் அழுத்த வேண்டும். திரையில் விரல் அப்படித்தான் படுத்திருக்கிறது. பார்த்துச் செய்பவரின் விரலும் அப்படியேதான் படுத்திருக்கிறது. ஆனாலும் அவருடைய முதல் இரண்டு கம்பிகள் ‘டப், டப்’ என்று செத்து ஒலிக்கின்றன. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் மேலே ஏறியிருக்கலாம். விரல் மடிப்பின் பள்ளத்தில் கம்பி விழுந்திருக்கலாம். விலை குறைந்த கிட்டாரில், கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் நட் உயரமாக இருந்து, தவறே இல்லாத கையையும் தவறாக்கியிருக்கலாம். பக்கத்தில் இருக்கும் வாத்தியார் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி, காரணத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார். வீடியோ அடுத்த கார்டுக்குப் போய்விடும். கற்பவர் மாதக்கணக்கில் இன்னும் பலமாக அழுத்திக்கொண்டே இருப்பார். பிறகு தனக்கு விரல் ராசியில்லை என்று கிட்டாரை உறைக்குள் போட்டுவிடுவார். பழி அவர்மேல் விழுகிறது, பாடத்தின்மேல் விழுவதில்லை. இது அநியாயம்.

வீடியோவோடு சேர்ந்தே வாசிக்கும் பழக்கம் இன்னும் மோசம். பங்கிட்டுத் தங்கும் அறையில் ஒருவர் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இவர் இயர்போனை மாட்டிக்கொண்டு கம்பியை மெல்லத் தொட்டுத்தான் வாசிக்க முடியும். காதில் நிறைந்திருப்பது திரையில் இருப்பவரின் கிட்டார். இவருடைய தாளம் நழுவினாலும் அந்தச் சத்தம் மூடிவிடும். இயர்போனைக் கழற்றி, நண்பர் பாடக் கூட வாசிக்கச் சொன்னால் அப்போதுதான் குட்டு வெளிப்படும். பாடுகிறவருக்குச் சுருதி ஒரு கட்டை இறங்க வேண்டுமென்றால் கை நின்றே போகும். சுருதி மாற்றக் கழுத்தில் கவ்வவைக்கும் கேப்போவை வீடியோவில் மாட்டிய இடம் மட்டும்தான் இவருக்குத் தெரியும்.

கிட்டார் பிடித்த தமிழர் பலரும் முதலில் ஆசைப்படும் பாட்டு ‘இளைய நிலா’. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக இளையராஜா அமைத்தது. கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அதன் முகப்பை எந்த ஃப்ரெட், எந்தக் கம்பி என்று பிரித்துக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். இடங்களை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒரு ஸ்வரம் அடுத்ததில் கரையும்வரை இடது கை விரலைத் தூக்காமல் வைத்திருப்பதில்தான் அந்த வாசிப்பின் உயிர் இருக்கிறது. ஒரு கணம் முந்தித் தூக்கினாலும், ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு வராது. இந்தத் தவறு கண்ணுக்குப் பிடிபடாது. பழகிய காது ஒன்று பக்கத்தில் இருந்து சொன்னால்தான் உண்டு; அப்படிப் பலமுறை சொல்லக் கேட்ட பிறகே கற்பவருக்கும் அந்தக் காது வரும்.

கச்சேரிகளில் ஊர் ஊராக வாசித்துத் தேர்ந்த பிறகும் அந்த இளையராஜாவே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். ஒருவர் வாசிக்க, தேர்ந்த இன்னொருவர் கேட்டு மதிப்பிடுவதுதான் அந்தத் தேர்வும்.

செய்வதைப் பக்கத்தில் இருந்து கவனித்துத் திருத்துவது தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதிதே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவாகி, போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவில் வேரூன்றிய தொழில் கற்பிக்கும் முறை ஒன்று உண்டு. அதில் படிகள் நான்கு: ஆளைத் தயார்ப்படுத்துவது, செய்து காட்டுவது, அவரைச் செய்யவைத்துப் பார்ப்பது, பிறகும் போய்ப் போய்க் கவனிப்பது. வீடியோ பாடம் இரண்டாம் படியோடு கடையைச் சாத்திவிடுகிறது. போல்ட் முடுக்க வந்த டிரெய்னிக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, லைனில் தனியாக விட்டுவிட எந்த சூப்பர்வைசர் சம்மதிப்பார்? போல்ட்டுக்குக் கிடைக்கும் கவனம் பாட்டுக்குக் கிடைக்க வேண்டாமா?

கேட்கும் செயலிகளும் வந்துவிட்டனவே என்பார்கள். யூசிஷியன் போன்றவை மைக் வழியாகக் கேட்டு, ஸ்வரம் சரியா தவறா, முந்தியா பிந்தியா என்று மதிப்பெண் போடும். கட்டைவிரல் ஏறியிருப்பதும் நட் உயரமாக இருப்பதும் அந்த மதிப்பெண்ணில் தெரியாது. 2020 ஊரடங்கில் ஃபெண்டர் நிறுவனம் தன் இணையப் பாடங்களை மூன்று மாதம் இலவசமாகத் திறந்துவிட்டது, லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர் தொகையைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், அவர்கள் வாசித்ததை யார் கேட்டார்கள் என்று பேசுவதில்லை.

கேட்க ஆள் கிடைக்க வழி இல்லாமல் இல்லை. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அவ்வளவு பேர் கூடியிருக்கும் இடத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு ஒரு வாத்தியார் வந்து, கிட்டார் வைத்திருப்பவர்கள் வாசிப்பதை ஆளுக்குப் பத்து நிமிடம் கேட்கலாமே. வீடியோவில் பார்த்ததை அவர் முன்னால் வாசிக்கட்டும். அன்று ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு வீடியோ அழைப்பு இருக்கிறது. ஒலி பிந்துவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆனால் கை எங்கே பிசகுகிறது என்பது அதிலும் கேட்கும். சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி வரும். ஆண்டு விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா கூப்பிடும் கம்பெனிகள், அந்தச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும்.