குரலுக்கு உயரம் உண்டா?

ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலும் தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழியும் ஒருங்கே பயில்கின்றனர். இம்மூன்றிலும் ‘உயர்ந்த குரல்’ ஒரே பொருள் தருவதன்று. மலாயில் ‘மெனிங்கிக்கான் சுவாரா’, அதாவது குரலை உயர்த்துதல், பெரும்பாலும் சினந்து பேசுதலையே குறிக்கும். ஆங்கிலத்திலோ பொருள் இடத்துக்கிடம் வேறுபடும்.

‘ஹிட் தி ஹை நோட்ஸ்’ என்பதை ‘உயர்ந்த குறிப்புகளை அடித்தார்’ என்று பெயர்த்தால் அது தமிழாகாது. ஈண்டு ‘நோட்’ என்பது குறிப்பன்று, சுரம். ‘ஹிட்’ என்பது அடித்தலன்று, எட்டுதல். ‘மேல் சுரங்களைத் தொட்டுப் பாடினார்’ என்பதே நம் வழக்கு. ‘எண்டட் ஆன் எ ஹை நோட்’ என வருமிடத்திலோ பாட்டே இல்லாமலும் இருக்கலாம். நிகழ்ச்சி சிறப்புற முடிந்தது என்பதே பொருள்.

‘அட் தி டாப் ஆஃப் ஹர் லங்ஸ்’ என்பது சுரத்தின் மேன்மையைச் சொல்வதன்று; ஓசையின் பெருக்கத்தைச் சொல்வது. ஆங்கிலேயர் நுரையீரலின் உச்சிக்கு ஏறும் இடத்தில் தமிழர் அடிவயிற்றுக்கு இறங்குவர். ‘அடிவயிற்றிலிருந்து கத்தினாள்’ என்பதைவிடப் பொருந்திய பெயர்ப்பு வேறில்லை. ‘ஃபால்செட்டோ’ என்பதற்கு மட்டும் இரு மொழியும் ஒரே வழியிற் செல்கின்றன. இத்தாலியச் சொல்லின் வேர் ‘பொய்’ என்னும் பொருளது. நாமும் அதனைக் ‘கள்ளக்குரல்’ என்கிறோம்.

உண்மையில் சுரத்துக்கு உயரம் என்பதே உருவகம். அறிவியல் நோக்கில் அஃது அதிர்வின் விரைவு. ஒரு தாயி மேலே சென்றால் அதிர்வெண் இரட்டிக்கும். பழந்தமிழர் இதனை வேறு கண்கொண்டு நோக்கினர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை வலிவு, மெலிவு, சமன் என்கிறது. மேல் தாயிக்கு வலிவு, கீழ்த் தாயிக்கு மெலிவு, இடைப்பட்டதற்குச் சமன். உயரத்தால் அன்றி ஆற்றலால் இட்ட பெயர்கள் இவை.

இப்பெயரின் பொருத்தத்தை நாடக மேடை மெய்ப்பித்தது. ஒலிபெருக்கி பரவாத நாளில் எஸ். ஜி. கிட்டப்பாவும் (1906–1933) கே. பி. சுந்தராம்பாளும் (1908–1980) கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மேல் தாயியில் பாடிப் புகழ்பெற்றனர். அவர்களுக்கு உச்சம் அழகு மட்டுமன்று, தேவையும் ஆகும்.

ஆர்மோனியம் வந்தபின் சுருதிக்குக் ‘கட்டை’ அளவாயிற்று. முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள கறுப்புக் கட்டை ஐந்தரை. ‘எட்டுக் கட்டையில் பாடுகிறார்’ என்னும் பாராட்டு இவ்வாறு பிறந்ததே. அயல்நாட்டுக் கருவியிலிருந்தும் தமிழ் தனக்கேயுரிய மரபுத்தொடரைச் சமைத்துக்கொண்டது.

ஆகவே, இத்தகைய தொடரைக் கற்பிக்கும் ஆசிரியர் அகராதியைத் திறக்குமுன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: இங்கே சொல்லப்படுவது சுரமா, ஓசையா, வெற்றியா, சினமா? அது தெளிந்தால் தமிழ்ச்சொல் தானே வரும். தெளியாது சொல்லுக்குச் சொல் வைத்தால் மாணவன் ஆங்கிலத்தையும் பிழைபட உணர்வான்; தமிழில் இதற்குச் சொல்லில்லை என்றும் நம்பிவிடுவான். பின்னதே பெருங்கேடு.